கிரியேட்டினின் வரட்டும், பார்க்கலாம்

ஸ்ட்ரோக் வந்தவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், கூட வந்தவர்களிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று கிட்னியைப் பற்றியதாக இருக்கும். "ஏற்கெனவே கிட்னி பிரச்சினை இருக்கா? கடைசியா கிரியேட்டினின் எவ்வளவு?" வாய் கோணி, ஒரு கை தூக்க வராமல் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வீட்டாருக்கு இது சம்பந்தமே இல்லாத கேள்வியாகப் படும். அடைப்பு மூளையில். கேள்வி இடுப்புக்கு மேலே இருக்கும் உறுப்பைப் பற்றி.

நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். எங்கள் தொழிலில் பழைய புரோகிராமைத் திறந்தால் நடுவில் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கும். 'இந்த எண் இதற்குக் கீழே இருந்தால்தான் அடுத்த படி.' யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் எடுக்கவும் பயம். தோண்டிப் பார்த்தால் என்றைக்கோ நடந்த ஒரு விபத்தில் போய் நிற்கும். இந்தக் கிரியேட்டினின் கேள்வியையும் அப்படித்தான் தோண்ட ஆரம்பித்தேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு நேரடிக் காரணம் 'டை'. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக் குழாய் தெரியாது. குழாய்க்குள் எக்ஸ்ரேயைத் தடுக்கிற ஏதாவது ஓடினால்தான் அதன் வடிவம் தெரியும். அயோடின் கனமான அணு, அந்த வேலைக்குத் தோதானது. இதைக் கண்டுபிடித்த கதையிலேயே கிட்னி இருக்கிறது. அந்தக் காலத்தில் சிபிலிஸ் நோயாளிகளுக்கு சோடியம் அயோடைடு கொடுப்பார்கள். 1923-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஏர்ல் ஆஸ்போர்னும் அவருடைய சகாக்களும், அப்படி மருந்து வாங்கியவர்களின் மூத்திரப்பை எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிவதைக் கவனித்தார்கள். உள்ளே போன அயோடின் கிட்னி வழியாக அப்படியே வெளியேறிக்கொண்டிருந்தது.

1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் இதே சோடியம் அயோடைடைக் கழுத்துத் தமனியில் செலுத்தி, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளைக் குழாய்களை முதன்முதலாகப் படமெடுத்தார். அதற்கு முன் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடை வைத்துச் செய்த முயற்சிகளில் ஒரு நோயாளி இறந்துபோயிருந்தார். (மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதற்கு இல்லை, மூளையின் முன்பகுதி நரம்பு இணைப்புகளை வெட்டும் அறுவை சிகிச்சைக்கு! இன்று யாரும் பெருமையாகப் பேசாத சிகிச்சைக்குப் பரிசு, உலகம் பூராவும் தினமும் செய்கிற பரிசோதனைக்கு இல்லை.) 1929-இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர், யூரோசெலக்டான் என்ற அயோடின் சேர்மத்தைக் கை நரம்பில் ஏற்றினால் கிட்னியும் மூத்திரக் குழாய்களும் தெளிவாகத் தெரிகின்றன என்று காட்டினார். அதன் மூலச் சேர்மங்கள் மாடுகளின் நோய்த்தொற்றுக்கு மருந்து தேடியபோது உருவானவை. யாருக்குப் பெருமை என்பதில் அவருக்கும் அவருடைய மேலதிகாரி லிச்டென்பர்குக்கும் வந்த சண்டை தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஆக, டை என்பதே கிட்னியைப் பார்க்கப் பயன்பட்ட பொருள். கிட்னியால் வடிகட்டப்படுவதுதான் அதன் குணம். கிட்னி சரியாக வேலை செய்யாதவர் உடம்பில் அது என்ன செய்யும் என்ற கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பயத்துக்குப் பிள்ளையார் சுழி 1954-இல் போடப்பட்டது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்று இருந்த ஒருவருக்கு டை ஏற்றிக் கிட்னியைப் படமெடுத்தார்கள். அதன் பின் அவருக்கு மூத்திரமே நின்றுபோனது. பார்டெல்ஸ் என்பவரும் சகாக்களும் ஸ்காண்டிநேவிய மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பதிவு செய்தார்கள். அன்றைய நடைமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படம் தெளிவாக வருவதற்காக நோயாளியைப் பல மணி நேரம் தண்ணீர் குடிக்க விடாமல் காயப்போடுவார்கள். டையும் படு அடர்த்தி. ரத்தத்தின் சவ்வூடு அடர்த்தி சுமார் 290 என்றால் அன்றைய டை 1500-க்கும் மேலே, ஐந்து மடங்குக்கு மேல். தாகத்தில் வாடும் கிட்னிக்குள் அந்த உப்புக் கரைசலைத் தள்ளினால் அது திணறாதா?

1969-இல் டார்ஸ்டன் ஆல்மேன் என்ற ஸ்வீடன் நாட்டு ரேடியாலஜி மருத்துவர் அயனியாகப் பிரியாத டையைச் செய்யலாம் என்ற யோசனையை வெளியிட்டார். 1980-களில் அந்த வகை டைகள் புழக்கத்துக்கு வந்தன. அடர்த்தி பாதியாகக் குறைந்தது. பின்னால் ரத்தத்துக்குச் சமமான அடர்த்தியிலேயே வந்துவிட்டது. ஆனால் பயம் பாதியாகக் குறையவில்லை. 1983-இல் சூசன் ஹௌவும் சகாக்களும் பாஸ்டனில் செய்த ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த பிறகு கிட்னி பழுதாவதற்கான காரணங்களில் டைக்கு மூன்றாவது இடம் கொடுத்தது. 'டை கிட்னியைக் கெடுக்கும்' என்பது பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

இனி ஸ்ட்ரோக் பக்கம் வருவோம். இங்கேயும் கிட்னி வேறொரு வேஷத்தில் முன்பே வந்து நிற்கிறது. 1947-இல் மேக்ஃபர்லேன், பில்லிங் என்ற இருவர் மனித மூத்திரத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் தன்மை இருக்கிறது என்று எழுதினார்கள். 1952-இல் அந்தப் பொருளுக்கு யூரோகைனேஸ் என்று பெயர் வந்தது. கிட்னி செல்கள் அதைத் தயாரிக்கின்றன. மருந்தாக அதை எடுக்க முதலில் மூத்திரத்தைச் சேகரித்தார்கள். பிறகு அமெரிக்காவில் அபாட் கம்பெனி பச்சிளம் குழந்தைகளின் கிட்னி செல்களை வளர்த்து அதிலிருந்து எடுத்தது. அந்தச் செல்கள் வந்த வழி, கிருமிப் பரிசோதனை பற்றிய கேள்விகளால் 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விநியோகத்தை நிறுத்தி வைத்தது. கட்டியைக் கரைக்கும் மருந்துகளின் வரலாற்றில் கிட்னிதான் ஒரு ஃபேக்டரி என்பதை முதலில் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூளை அடைப்பில் கட்டியைக் கரைக்கும் முயற்சி 1958-லேயே ஆரம்பித்துவிட்டது. 1960-களில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்துப் பார்த்ததில் மருந்து வாங்கியவர்கள் பக்கம்தான் சாவு அதிகம். அன்றைக்கு அடைப்பா, ரத்தக் கசிவா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்த பிறகுதான் அது சாத்தியமானது. 1995 டிசம்பரில் வெளியான அமெரிக்காவின் என்.ஐ.என்.டி.எஸ். சோதனை, 624 பேரை வைத்து, மூன்று மணி நேரத்துக்குள் டி.பி.ஏ. மருந்தை நரம்பில் ஏற்றினால் மூன்று மாதம் கழித்து ஊனமில்லாமலோ லேசான ஊனத்தோடோ இருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று காட்டியது. மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து 0.6 சதவீதத்திலிருந்து 6.4 ஆக ஏறியது என்பதையும் மறைக்காமல் சொன்னது.

அந்தச் சிகிச்சைக்கு டை தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சாதா சி.டி. போதும், கசிவு இல்லை என்று தெரிந்தால் ஊசி. கிட்னி கேள்வி அங்கே வழியை அடைத்து நிற்கவில்லை.

நிலைமை மாறியது குழாய்க்குள் நேரடியாகப் போக ஆரம்பித்தபோது. 1999-இல் வெளியான ப்ரோஆக்ட் 2 சோதனையில் 180 பேருக்கு அடைப்பு இருப்பதை டை ஏற்றி உறுதி செய்து, அதில் ஒரு பகுதியினருக்கு யூரோகைனேஸின் முன்வடிவத்தை அடைப்பின் வாயிலேயே செலுத்தினார்கள். சுயமாக இயங்கும் நிலைக்குத் திரும்பியவர்கள் 25 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். அப்புறம் கம்பியால் கட்டியைப் பிடித்து இழுக்கும் கருவிகள் வந்தன. நெதர்லாந்தின் 16 மையங்களில் 500 பேரை வைத்து நடந்த மிஸ்டர் க்ளீன் சோதனையும், அதை ஒட்டி 2015-இல் வெளியான மற்ற நான்கு சோதனைகளும் பெரிய குழாய் அடைப்புக்கு இதுதான் வழி என்று நிறுவிவிட்டன. கம்பி போட வேண்டும் என்றால் எந்தக் குழாயில் அடைப்பு என்று தெரிய வேண்டும். அதற்கு சி.டி. ஆஞ்சியோ. அதற்கு டை. டைக்கு முன்னால் கிரியேட்டினின்.

இங்கேதான் 1954-இல் பிறந்த பயமும் 2015-இல் நிலைபெற்ற சிகிச்சையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. ரத்தம் எடுத்து, லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வர அரை மணியோ முக்கால் மணியோ ஆகலாம். ஜெஃப்ரி சேவர் 2006-இல் போட்ட கணக்குப்படி பெரிய குழாய் அடைபட்ட ஸ்ட்ரோக்கில் நிமிஷத்துக்கு சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. 40 நிமிஷத்துக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பாவுக்கு வந்தபோது இதை நேரில் பார்த்தேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம். ஸ்கேன் அறை காலியாக இருந்தது, ஆளும் இருந்தார். "கிரியேட்டினின் வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குத் தலையிலதானேப்பா, எதுக்குக் கிட்னி டெஸ்ட்டு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ரிப்போர்ட் வந்தது, 1.1. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சித்தப்பா இன்று நடக்கிறார், பேசுகிறார், சட்டைப் பொத்தான் மட்டும் சித்தி போட்டுவிட வேண்டும். அந்த 40 நிமிஷத்தால்தான் பொத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒருவருக்கு நடந்ததை வைத்து 'இதனால்தான் அது' என்று பிரித்தெடுக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், டை விஷயத்தில் மருத்துவ உலகம் ரொம்ப காலம் அந்தத் தவறைத்தான் செய்துகொண்டிருந்தது. டை ஏற்றினார்கள், இரண்டு நாள் கழித்து கிரியேட்டினின் ஏறியிருந்தது, டைதான் காரணம் என்று எழுதினார்கள். டை ஏற்றாத நோயாளிகளுக்கு அதே இரண்டு நாளில் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டவர்கள் மிகக் குறைவு. 2008-இல் ஜெஃப்ரி நியூஹவுஸும் சகாக்களும் நியூயார்க்கில் அதைத்தான் செய்தார்கள். டையே ஏற்றாத 32,161 நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நாட்களுக்குள் பாதிப் பேருக்கு மேல் கிரியேட்டினின் 25 சதவீதமாவது மாறியிருந்தது! ஏற்றியிருந்தால் இவர்களில் பலர் 'டையால் கிட்னி பழுது' என்ற பட்டியலில் போயிருப்பார்கள். காய்ச்சல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது, மற்ற மருந்துகள் என்று படுக்கையில் கிடப்பவர் உடம்பில் அந்த எண் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த எண்ணுக்கே சில குணக்கேடுகள் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த பிக்ரிக் அமில வினையை வைத்துத்தான் பல லேபுகளில் இன்னும் அதை அளக்கிறார்கள். கிட்னி அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அது ஏறும். தசை குறைந்த ஒல்லியான பாட்டிக்கு 1.0 இருந்தாலும் கிட்னி பாதிதான் வேலை செய்துகொண்டிருக்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால், சர்வர் விழுந்த மறுநாள் மெயில் அனுப்பும் எச்சரிக்கை மணி.

டையிலிருந்து கிட்னியைக் காப்பாற்றச் செய்த வைத்தியங்களின் கதையும் சுவாரசியம்தான். 2000-இல் பெர்லினிலிருந்து 83 பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு வந்தது. சளியைக் கரைக்கும் அசிட்டைல்சிஸ்டைன் கொடுத்தால் பாதிப்பு 21 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைகிறது என்றது. மலிவான மருந்து, ஆபத்தும் குறைவு. உலகம் பூராவும் எழுதித் தள்ளினார்கள். 2017-இல் மாஸ்ட்ரிக்ட்டில் 660 பேரை வைத்து நடந்த அமேசிங் சோதனையில், முன்கூட்டியே சலைன் ஏற்றியவர்களில் 2.7 சதவீதம், எதுவுமே செய்யாதவர்களில் 2.6 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. 2018-இல் ஏறக்குறைய 5,000 பேரின் கணக்கோடு வந்த ப்ரிசர்வ் சோதனை, அசிட்டைல்சிஸ்டைனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முடித்துவைத்தது. 83 பேரின் சாட்சியத்தை மறுக்க 18 வருஷம்.

அதே 2018-இல்தான் அமெரிக்க ஸ்ட்ரோக் வழிகாட்டுதல்களும் அந்த வாசலைத் திறந்தன. பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகம் இருந்து, கிட்னி நோய் இருந்ததாக வரலாறு இல்லை என்றால், கிரியேட்டினினுக்குக் காத்திருக்காமல் சி.டி. ஆஞ்சியோ எடுப்பது நியாயமே. 2020-இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் தேசிய கிட்னி அறக்கட்டளையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நரம்பில் ஏற்றும் டையின் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. 'டையால் வந்த' பழுது, 'டையோடு சேர்ந்து வந்த' பழுது என்று இரண்டு பெயர்களையும் பிரித்து வைத்தது. பயம் முழுக்கப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. கிட்னியின் வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே இருப்பவர்களிடம் இன்னும் ஜாக்கிரதை வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே கிட்னி நோய் உள்ளவர் வீட்டில் பழைய ரிப்போர்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது இன்றும் உபயோகமான காரியம்.

இதோடு நிறுத்தினால் 'ஸ்ட்ரோக்குக்கும் கிட்னிக்கும் சம்பந்தமில்லை, சித்தி கேட்டது சரி' என்றாகிவிடும். உண்மை அப்படி இல்லை. டையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலத்தில் இன்னொரு பழைய உறவுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

1836-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், மூத்திரத்தில் புரதம் போகும் நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே இதயம் தடித்திருப்பதையும் மூளைக் கோளாறுகளையும் சேர்த்துப் பதிவு செய்தார். ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால்! 1855-இல் கிர்க்ஸ் என்பவர் நாள்பட்ட கிட்னி நோய்க்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

ஏன் இந்த இரண்டு உறுப்புகளும் சேர்ந்தே கெடுகின்றன? இரண்டுமே ரத்தம் தங்குதடையில்லாமல் பாயும் உறுப்புகள். உடல் எடையில் அரை சதவீதம்கூட வராத கிட்னிகளுக்கு இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. மூளைக்குச் சுமார் 15 சதவீதம். ஜப்பானின் சதயோஷி இட்டோ 2009-இல் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய குழாய்களும், கிட்னியின் உட்பகுதிக் குழாய்களும் பெரிய தமனியிலிருந்து படிப்படியாகக் கிளைக்காமல் நேரடியாகப் பிரிகின்றன. மெயின் பைப்பிலிருந்து சன்னமான குழாய் எடுத்த மாதிரி. முழு அழுத்தமும் அங்கே விழுகிறது. சர்க்கரையும் பிரஷரும் வருஷக்கணக்கில் இந்த இரண்டு இடத்தையும் ஒரே சமயத்தில் அரிக்கின்றன. மூளைக்குழாயை எட்டிப் பார்ப்பது சுலபமில்லை. மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்ப்பது சுலபம்.

இதன் விளைவு சிகிச்சைக்குப் பிறகு தெரிகிறது. 2014-இல் அமெரிக்க மருத்துவமனைகளில் டி.பி.ஏ. வாங்கிய 44,410 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிட்னி செயல்பாடு குறைவு. வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், மூளையில் ரத்தம் கசிவது இவர்களுக்குக் கூடுதலாக இல்லை. அதனால் கிட்னியைக் காரணம் காட்டி மருந்தை மறுக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையிலேயே இறப்பதும், வீட்டுக்குப் போகும்போது தானாக நடக்க முடியாமல் இருப்பதும் கூடுதல். மருந்து அடைப்பைக் கரைக்கிறது, அடைப்பு திறந்த பிறகு மீள வேண்டிய உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. கிட்னி ரொம்பவே மோசமானவர்கள் விஷயத்தில் ஆதாரமும் குறைவு. 2018-இல் வெளியான டான் சோதனையில், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைத் தவிர, கிரியேட்டினின் 3.0-ஐத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை.

தேறும் நாட்களில் கிட்னியை நிஜமாகவே வதைக்கும் விஷயங்கள் சாதாரணமானவை. ஸ்ட்ரோக்கில் விழுங்கும் தசை பலவீனமாகும். தண்ணீர் குடித்தால் புரையேறும். பயத்தில் குடிக்கக் கொடுக்கமாட்டார்கள், டியூப் போடத் தாமதமாகும், உடம்பு வற்றும். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் மேனிடால் நீரை இன்னும் வெளியேற்றும். கதீட்டர் வழியாகக் கிருமி ஏறும். மூன்றாம் நாள் கிரியேட்டினின் கூடியிருந்தால், முதல் நாள் ஏற்றிய டை மேல் பழி போடுவது எல்லோருக்கும் சௌகரியம். உள்ளே போன தண்ணீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கும் சார்ட்டைப் பார்த்தால் வேறு கதை தெரியலாம்.

டிஸ்சார்ஜ் சமயத்தில் அந்த எண் மறுபடி வருகிறது, இந்த முறை நியாயமான வேலையோடு. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் கட்டி உருவாகி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு, அடுத்தது வராமல் ரத்தத்தை இளக்கும் மருந்து எழுதுவார்கள். டாபிகாட்ரான் சுமார் 80 சதவீதம் கிட்னி வழியாகவே வெளியேறுகிறது. கிட்னி மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கிக் கசிவை உண்டாக்கும். அளவைத் தீர்மானிக்க மருத்துவர்கள் இன்றும் பார்ப்பது, 1976-இல் மாண்ட்ரியலில் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 249 ஆண்களை வைத்துப் போட்ட சூத்திரம். அபிக்ஸபானுக்கு வேறு கணக்கு: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் 5 மில்லிகிராம் மாத்திரையை 2.5 ஆக்குவார்கள். சித்தப்பாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனை நடக்கிறது. தேதியைச் சித்தி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.